பார்வை இயல்பு

கடைத்தெரு வளைவில் இருக்கும் கண்ணாடிக்கடையில் கண் பார்க்கிற அம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. அதில் இருபத்திரண்டு வருடங்களை ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில், வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது நல்லா தெரியுதா, இல்ல முன்ன போட்டது நல்லா தெரிஞ்சுதா?" என்று கேட்டே கழித்தவர். முறையாகப் படித்து வாங்கிய பட்டம் சுவரில் தொங்கியது. ஆனாலும் யாரும் அவரை அந்தப் பட்டத்தின் பேரில் கூப்பிட்டதில்லை. எல்லாருக்கும் அவர் 'கண்ணாடி அக்கா'. பஸ் டிப்போவில் வேலை பார்க்கும் அவருடைய கணவருக்குக்கூட 'கண்ணாடி அக்கா வீட்டுக்காரர்' என்றுதான் பெயர் நிலைத்துவிட்டது. அதில் அந்த மனிதருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

அக்கா சிடுசிடுப்புக்குப் பேர் போனவர். சத்தம் போட மாட்டார். ஒரே விஷயத்தை மூன்றாம் தடவை சொல்ல வேண்டி வந்தால் அவர் குரல் இறங்கிக்கொண்டே போகும். அந்தக் குரல் கேட்டதும் கடை முதலாளிகூட கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விடுவார்.

அவரை அதிகம் சலிப்படைய வைத்தது பள்ளிக்கூடத்துச் சீட்டு. பள்ளி திறந்து இரண்டாம் மாதம் பிறந்தால் போதும், பிள்ளைகளும் பெற்றோரும் வரிசையாக வந்து நிற்பார்கள். கையில் கிழித்த நோட்டுத்தாளில் இரண்டு வரி: 'பாடம் வாசிப்பதில்லை. கண் பரிசோதனை செய்து வரவும்.' பத்துப் பேர் வந்தால் ஆறு பேருக்குக் கண்ணாடி தேவைப்படும். ஒன்றிரண்டு பேருக்குத் தூக்கம் போதாது. மிச்சம் இருப்பவர்கள்தான் அக்காவுக்குத் தலைவலி. கண் பளிங்கு மாதிரி இருக்கும், கடைசி வரிசைப் பொடி எழுத்தைக்கூடக் காட்டும். ஆனால் வாசிக்க வராது. அவர்களுடைய சீட்டின் பின்பக்கத்தில் அக்கா எழுதி அனுப்புவார்: 'பார்வை இயல்பு. வாசிப்பதில் சிரமம் தெரிகிறது. கற்றல் குறைபாட்டுக்கான சோதனைக்கு அனுப்பவும்.' இப்படி ஏழு வருடமாக எழுதுகிறார். ஒரு பதில் வந்ததில்லை.

அந்த வருடம் நாலாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை அவளுடைய அப்பா கூட்டிக்கொண்டு வந்தார். லிஃப்ட் மெக்கானிக். கால்சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவர் துருத்திக்கொண்டிருந்தது. சிறுமி வாசல் ஏறும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். இந்த நாற்காலி ஏன் சுற்றுகிறது, இந்த விளக்கு ஏன் பச்சையாக இருக்கிறது, உங்களுக்குக் கண் தெரியாமல் போனால் யார் பார்ப்பார்கள்.

"வீட்டுல இவளுக்குப் பட்டாசுன்னுதான் பேரு மேடம். தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அப்பா.

பட்டாசுக்குத் தூரப்பார்வை சரி, கிட்டப்பார்வை சரி. பேனாவை மூக்கு நுனிவரை கொண்டுபோனபோது இரண்டு கண்ணும் சேர்ந்தே வந்தன. அக்கா ஓர் அட்டையை நீட்டி நாலு வரி வாசிக்கச் சொன்னார். அதுவரை வாய் மூடாத பெண் சட்டென்று அடங்கிப்போனாள். 'பட்டம்' என்பதைப் 'படம்' என்றாள். 'கொடி'யில் ஒரு நிமிஷம் நின்றாள். எழுதச் சொன்னபோது முதலில் 'க' போட்டு, பிறகு கொம்பை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்து, வலப்பக்கம் வைத்தாள்.

"கண்ணுல ஒண்ணும் இல்ல தம்பி" என்று அப்பாவிடம் சொல்லி, அக்கா வழக்கமான மூன்று வாக்கியங்களை எழுதிக் கொடுத்தார்.

பதினைந்தே நாளில் அதே பெண், அதே அப்பா, புதுச் சீட்டு: 'மீண்டும் பரிசோதிக்கவும்.'

அக்காவின் குரல் இறங்கியது. "நான் எழுதிக் குடுத்ததைக் குடுத்தீங்களா இல்லையா?"

"ஆபீஸ்ல குடுத்தேனே அக்கா." 'மேடம்' இதற்குள் 'அக்கா' ஆகியிருந்தது. அவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். "ஒண்ணு கேட்டா கோச்சுக்கக் கூடாது. பவர் இல்லாத கண்ணாடி ஒண்ணு போட்டுக் குடுத்துருங்களேன். டீச்சரும் விட்டுருவாங்க, இவளுக்கும் ஒரு தைரியமா இருக்கும்."

அக்கா அப்படி ஒரு கண்ணாடி போட்டுக் கொடுத்தவர்தான். முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த கடையில், அங்கிருந்த முதலாளி சொன்னார் என்பதற்காக, கண்ணில் குறையே இல்லாத ஒரு குழந்தைக்கு வெறும் கண்ணாடி மாட்டி அனுப்பினார். இரண்டு மாதம் கழித்து அந்தக் குழந்தையின் அம்மா உடைந்த சட்டத்தை ஒட்ட வந்தாள். எப்படி உடைந்தது என்று கேட்டதற்கு, "கண்ணாடி போட்டும் படிக்க மாட்டேங்குதுன்னா திமிர்தானேங்க? அவங்க அப்பா கன்னத்துல வச்ச அறையில உடைஞ்சு போச்சு" என்றாள். அதற்கப்புறம் எந்த முதலாளி சொன்னாலும் அக்கா அந்த வேலையைச் செய்ததில்லை.

"முடியாது" என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து பெரிய ஆஸ்பத்திரியின் விண்ணப்பம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கற்றல் குறைபாட்டைச் சோதிக்கும் பிரிவு அங்கே இருந்தது. "இதை நிரப்பி, ஸ்கூல்ல கையெழுத்து வாங்கிட்டு அங்க போங்க. எல்லாம் அதுலயே போட்டிருக்கு."

"கண்ணாடி கொண்டு வரல அக்கா. வீட்டுல போய்ப் பார்த்துக்கிறேன்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து மூன்றாவது சீட்டோடு வந்தார்கள். விண்ணப்பம் அதே மடிப்போடு அதே பையில் இருந்தது. ஓர் எழுத்துகூட நிரப்பவில்லை.

"ஏன் தம்பி, பொண்ணு விஷயத்துல இவ்வளவு அசால்ட்டா இருக்கீங்க?"

"கண்ணாடி..."

"கண்ணாடிதானே? உக்காருங்க. நானே பார்க்கிறேன்."

எரிச்சலில்தான் உட்கார வைத்தார். அவருக்குக் கண்ணாடியே தேவையில்லை என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. மகளுக்குப் போலவே சுத்தமான பார்வை. அக்கா அட்டையை நீட்டி முதல் வரியைப் படிக்கச் சொன்னார். அவர் அட்டையைப் பார்த்தபடி இருந்தார். நெற்றியில் வியர்த்தது. வெளியே பட்டாசு ஒவ்வொரு சட்டமாக மாட்டிக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுத்தெல்லாம் தெரியும் அக்கா" என்றார் கடைசியில், மெதுவாக. "தனித்தனியா கேட்டா சொல்லிருவேன். சேர்ந்து வந்தா கூட்டமா நெருக்கிட்டு நிக்குது. மக்குன்னு சொல்லி ஆறாவதோட நிறுத்திட்டாங்க. எட்டு மாடி லிஃப்ட்டுல எந்த ஒயர் எங்க போகுதுன்னு கண்ணை மூடிட்டு சொல்லுவேன். இது மட்டும் வரல. இவ அம்மாவுக்குக்கூட முழுசா தெரியாது."

இத்தனை வருடமாக இந்த அறையில் 'கண்ணாடி கொண்டு வரல' என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று அக்கா நினைத்துப் பார்த்தார். அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. விண்ணப்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு கேள்வியாக வாசித்தார், மெக்கானிக் சொல்லச் சொல்ல எழுதினார். 'குடும்பத்தில் வேறு யாருக்காவது வாசிப்பதில் சிரமம் உண்டா?' என்ற கேள்வி வந்தபோது பேனா நின்றது.

"எழுதுங்க அக்கா" என்றார் அவர். "அப்பாவுக்குன்னு எழுதுங்க."

கடைக்கு வார விடுமுறையான செவ்வாயன்று அக்கா பள்ளிக்கூடத்துக்கே போனார். ஒன்பதரைக்கு அலுவலகத்து பெஞ்சில் உட்கார்ந்தவரைத் தலைமையாசிரியை உள்ளே கூப்பிட்டபோது மதிய மணி அடித்துவிட்டது.

"எங்க ஸ்கூல்ல அந்த மாதிரி பிள்ளைங்க யாரும் இல்லீங்களே" என்றார் தலைமையாசிரியை, விண்ணப்பத்தைத் தொடாமலேயே.

"வருஷா வருஷம் நாலஞ்சு பேரை எங்கிட்ட அனுப்புறீங்க. நானும் எழுதிக் குடுக்கிறேன்."

"எங்களுக்கு எதுவும் வரலையே."

நாலாம் வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டார்கள். கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வந்தார். சின்ன வயதுதான். குரல் கட்டியிருந்தது. அக்கா தயாராக வைத்திருந்த வார்த்தைகளை ஆரம்பித்தார். "ஏன் டீச்சர், ஒரே பிள்ளையை மூணு தடவை அனுப்புறீங்களே, நான் எழுதினதை ஒரு தடவையாவது படிச்சீங்களா?"

"நீங்க எழுதினது எதுவும் என் கைக்கு வந்ததில்ல மேடம்" என்றார் டீச்சர். "என் கிளாஸ்ல அம்பத்தொரு பேர். அந்தப் பொண்ணு கணக்கை வாயால கேட்டா முதல்ல பதில் சொல்லுது, புஸ்தகத்தைத் திறந்தா அழுவுது. என்னமோ இருக்குன்னு தெரியுது. யார்கிட்ட அனுப்புறதுன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்ச ஒரே இடம் உங்க கடை. அதான் மறுபடி மறுபடி அனுப்பினேன்."

"அப்ப நான் எழுதினதெல்லாம் எங்க போச்சு?" என்றார் அக்கா.

அலுவலக குமாஸ்தா அலமாரியைக் குடைந்து ஒரு கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். மேலே 'மருத்துவம்' என்று எழுதியிருந்தது. உள்ளே அக்காவின் சீட்டுகள், தேதிவாரியாகத் துளை போட்டு, நூல் கட்டி. பெற்றோர் கொண்டுவந்து கொடுத்ததையெல்லாம் அவர் ஒழுங்காகக் கோத்து வைத்திருக்கிறார். ஒன்றுகூடத் தொலையவில்லை. ஒன்றைக்கூட யாரும் படிக்கவுமில்லை.

"ஃபைல் பண்ணச் சொன்னாங்க, பண்ணினேன்" என்றார் குமாஸ்தா. அவர் மேல் குற்றம் சொல்ல வழியில்லை.

டீச்சர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். முப்பத்தொரு சீட்டு. "இவ படிப்பை நிறுத்திட்டா" என்றார். இன்னும் இரண்டு தாள் தள்ளி, "இவனும்தான். மூணு வருஷம் ஆச்சு. ரொம்ப நல்லா வரைவான்." தலைமையாசிரியை விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு தீர்ந்துவிடும் என்று அக்கா நினைத்திருந்தால் ஆஸ்பத்திரியைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று அர்த்தம். சோதிக்கிற உளவியல் நிபுணர் ஒரு புதன் விட்டு ஒரு புதன்தான் வருவார். முதல் புதன், காது கேட்கிறதா என்று சான்றிதழ் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்ததற்கு நிபுணர் விடுப்பு. அதற்கடுத்த புதன் அக்காவே கூடப் போனார். கவுண்டரில் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "கண் சான்றிதழ் ரெண்டு மாசம் தாண்டிருச்சு. புதுசா வாங்கிட்டு வாங்க" என்றார்.

"அதுல கையெழுத்துப் போட்டதே நான்தான்" என்றார் அக்கா. "இந்தப் பொண்ணு கண்ணை மூணு தடவை பார்த்தவ. ஒரு தாள் குடுங்க, இங்கயே எழுதித் தர்றேன்."

"கடை சீல் வேணும்மா."

"பொண்ணு இங்க நிக்குது. நானும் இங்க நிக்கிறேன். சீல் மட்டும் அங்க இருக்கு. அதுக்காக இன்னும் ரெண்டு வாரமா?"

"ரூல் அப்படித்தான்மா. நான் என்ன பண்றது?"

அக்காவின் குரல் எவ்வளவு இறங்கியதென்றால், பட்டாசுகூடப் பேச்சை நிறுத்திவிட்டாள். லிஃப்ட் மெக்கானிக்தான் வழி கண்டார். கடைக்கு ஓடிப்போய் சீலோடு முதலாளியையும் சேர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். முதலாளி வழியெல்லாம் புலம்பினார். கவுண்டர் மூட ஐந்து நிமிஷம் இருக்கையில் சீல் விழுந்தது.

சோதனை இரண்டு புதன் காலைகளில் நடந்தது. நிபுணர் ஒரு வயதான பெண். பொறுமையாக எல்லாம் கேட்டு முடித்து, அப்பாவையும் அக்காவையும் உள்ளே கூப்பிட்டார். "டிஸ்லெக்சியா" என்றார். "அறிவு இந்த வயசுக்கு வேண்டியதைவிடக் கூடவே இருக்கு. ஒலியையும் எழுத்தையும் சேர்க்கிற இடத்துலதான் சிக்கல். மருந்து கிடையாது. வேற மாதிரி சொல்லிக் குடுக்கணும், நிறைய நாள் ஆகும்." பிறகு பட்டாசிடம் திரும்பினார். "நீ மக்கு இல்லம்மா. உனக்குப் படிக்கச் சொல்லிக் குடுத்த முறை உனக்குப் பொருந்தல. அவ்வளவுதான்."

பட்டாசு தலையாட்டினாள். அவளுடைய அப்பாதான் எழுந்து வெளியே போய், வராந்தாவில் சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அக்கா பக்கத்தில் போய் நின்றார். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. "மூக்கைத் துடைங்க தம்பி, பொண்ணு பார்க்குது" என்றார்.

வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி. ஒலியை உடைத்து, கைதட்டி, விரலால் எழுதி, கொம்பும் துணைக்காலும் எங்கே நிற்கும் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அப்பா வேலையிலிருந்து நேராக வந்து கடைசி நாற்காலியில் உட்காருவார். மூன்றாம் வாரம் பயிற்சி கொடுக்கும் பெண் அவருக்கும் ஒரு நோட்டு கொடுத்தாள். பள்ளியில் டீச்சர் பட்டாசை எழுப்பி நிற்கவைத்து உரக்க வாசிக்கச் சொல்வதை நிறுத்தினார். பழைய சீட்டுகளிலிருந்து இன்னும் பள்ளியில் இருக்கிற ஒன்பது பேரின் பட்டியலை எழுதிக்கொண்டு ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தார்.

"ஒன்பது விண்ணப்பமா?" என்றார் அக்கா. "ஒன்பது காது, ஒன்பது கண்ணு, அந்த கவுண்டர்காரர். எனக்கு இப்பவே தலை சுத்துது டீச்சர்."

"உக்காருங்க மேடம், நான் எழுதுறேன், நீங்க சொல்லுங்க" என்றார் டீச்சர். கடை மூடும் நேரம் தாண்டியும் எழுதினார்கள். முதலாளி இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, தன் பேனாவையும் கொடுத்தார்.

ஒரு வருடம் ஓடியது. பட்டாசு இப்போது வாசிக்கிறாள். மெதுவாகத்தான். ஒரு பக்கத்துக்கு மற்ற பிள்ளைகளைவிட மூன்று மடங்கு நேரமாகிறது. எழுத்துப் பிழை இன்னும் ஏராளம். பரீட்சையில் கேள்வியை ஒருவர் வாசித்துச் சொல்லவும் கூடுதல் நேரம் கொடுக்கவும் அனுமதி கிடைத்தது. ஒன்பது பேரில் நாலு பேருக்குத்தான் இதுவரை சோதனை முடிந்திருக்கிறது. ஒரு பெண்ணின் அப்பா, "என் பொண்ணு பைத்தியம் இல்ல" என்று விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார். அக்கா அவரை இரண்டு தடவை போய்ப் பார்த்தார். மூன்றாவது தடவையும் போகத்தான் வேண்டும் என்று கணவரிடம் அலுத்துக்கொண்டார்.

முழுப் பரீட்சை முடிந்த அன்று லிஃப்ட் மெக்கானிக் கடைக்கு வந்தார். பட்டாசுக்குக் கேள்வி வாசிக்க வேறொரு வகுப்பு டீச்சரைப் போட்டிருந்தார்களாம். அந்த அம்மாள் அவசர அவசரமாக ஒரே மூச்சில் வாசித்துத் தள்ளியிருக்கிறார்.

"நடுவுல இவ கையைத் தூக்கிருக்கா அக்கா. 'கொஞ்சம் மெதுவா படிங்க மிஸ், நீங்க ரெண்டு வார்த்தையை விட்டுட்டீங்க'ன்னு."

அக்கா சிரித்தார். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போய் வேலையைப் பாருங்க தம்பி, எனக்கு உள்ள ஆள் காத்திருக்கு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார்.