தனகோடி கை நீட்டிய நாள்

வடக்குத்து ஊர்த் தனகோடிக்கு இலவசம் என்று எதைக் கொடுத்தாலும் முகம் சுருங்கிவிடும். பொங்கலுக்கு ரேஷன் கடையில் கொடுக்கிற வேட்டி சேலையை வாங்கக்கூட அவர் போனதில்லை. மனைவி பட்டம்மாள்தான் முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நின்று வாங்கி வருவாள். "நான் என்னா வேல செஞ்சேன், எனக்கு வேட்டி குடுக்க?" என்பார். அப்படி ஒரு வீம்பு பிடித்த மனுஷன். ஆனால் கொடுப்பது என்று வந்துவிட்டால் அந்தக் கை சளைத்ததே இல்லை.

சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை அவருக்கு. மண்ணைச் சுமந்து ஓடுகிற பெல்ட்டின் ஓரத்தில் சிந்திக் குவியும் மண்ணை வாரி மறுபடியும் பெல்ட்டில் போட வேண்டும். வாரிக்கொண்டே இருப்பார்கள், அது சிந்திக்கொண்டே இருக்கும். காண்ட்ராக்டர்கள் மாறினார்கள், தனகோடி மாறவில்லை. ஒழுங்காக உழைத்தால் என்றைக்காவது பர்மனென்ட் ஆகலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நம்பி உழைத்தார். தலை நரைத்ததுதான் மிச்சம். வயதாகி வேலையிலிருந்து நின்ற அன்று மண்வெட்டியைக் கழுவி ஷெட்டில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். அழவுமில்லை, யாரையும் திட்டவுமில்லை. எதையும் உழைத்த பிறகுதான் கேட்க வேண்டும் என்ற எண்ணம் மட்டும் அவரைவிட்டுப் போகவே இல்லை.

பிறகு இருமல் வந்தது. நுரையீரலில் கட்டி, முற்றிவிட்டது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் பட்டம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் வெளியே வந்த முகத்தைப் பார்த்தே தனகோடிக்கு விளங்கிவிட்டது.

அன்றிலிருந்து சந்தியாகு தவறாமல் வந்துபோனார். அவரும் தனகோடியும் ஒரே கேங்கில் வேலை பார்த்தவர்கள். மேஸ்திரி தனகோடி, ஆள் சந்தியாகு. பக்கத்துத் தெருவில் தகரக்கூரை போட்ட சிறிய சபைக்குச் சந்தியாகு போவார். வந்தால் கட்டிலோரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார், புறப்படும்போது கண்ணை மூடி ஒரு ஜெபம் சொல்வார். அவ்வளவுதான். தனகோடிதான் ஒருநாள் தானாகவே கேட்டார்.

"ஒங்க சாமி எல்லாத்தயும் மன்னிக்கிறாருன்னு ஜெபத்துல சொல்றியே, அடிச்சதயும் மன்னிப்பாரா?"

சந்தியாகுவுக்குப் புரிந்தது. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் தனகோடி பட்டம்மாளை அடித்தது தெருவுக்கே தெரியும். குடியை விட்டு வெகுகாலம் ஆகியும் அந்த நாட்கள் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தன. செத்தால் அதோடுதான் போக வேண்டும் என்பதுதான் அவருடைய பயம். சாவைக்கூட அவர் அவ்வளவு பெரிதாக எண்ணவில்லை.

"மன்னிப்பாருண்ணா. அதுக்குத்தான அவுரு சிலுவையில செத்தாரு. எனக்கு வேணும்னு கேட்டா போதும்."

"சும்மா கேட்டாவா?"

"சும்மாதான்."

தனகோடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தை என்னவென்று சொல்வது! விடிந்ததும் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பட்டம்மாளிடம் சொல்லிவிட்டு மெல்ல நடந்து போவார். போனது டீக்கடைக்கு அல்ல. சபையின் வாசலில் புங்கமரத்துச் சருகு கொட்டிக்கிடக்கும். மூலையில் கிடந்த தென்னந்துடைப்பத்தை எடுத்துக் கூட்டுவார். நாலு வீச்சு வீசினால் மூச்சு வாங்கும், உட்கார்ந்துகொள்வார், மறுபடி எழுவார். பெல்ட் வேலை எப்படியோ அப்படித்தான்: கூட்டக் கூட்டச் சருகு விழும். உள்ளே போகமாட்டார், யாரிடமும் சொல்லவும் மாட்டார். கொஞ்ச காலமாவது வேலை செய்தால்தான் அந்தச் சாமியிடம் போய்க் கேட்க முகம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார். பாவம், எஞ்சியிருந்த மூச்சையெல்லாம் அந்தத் துடைப்பத்துக்கே செலவழித்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனைக்குக் கதவு திறக்க வந்த பாஸ்டர் சைமன்ராஜ், துடைப்பத்தோடு மரத்தடியில் விழுந்து கிடந்தவரைப் பார்த்தார். ஆட்டோவில் தூக்கிப்போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். பட்டம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரும் சந்தியாகுவும் வந்தார்கள். தனகோடி தலையணையில் சாய்ந்திருந்தார். பேச்சு துண்டு துண்டாகத்தான் வந்தது.

"எதுக்குங்கய்யா இந்த ஒடம்ப வச்சிக்கினு கூட்டுனீங்க?" என்று பாஸ்டர் கேட்டார்.

"ஒரு வருஷமாவது... வேல செஞ்சிட்டு... கேக்கலாம்னு இருந்தேன். இப்ப அதுக்கும் வழி இல்ல. கடைசி நேரத்துல வந்து கைய நீட்டுனா நல்லாவா இருக்கும்?"

பாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சந்தியாகுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"என்னாண்ணா பேசற நீ? நான் மொத மொதல்ல வேலைக்கி வந்தனே, அது ஞாபகம் இருக்கா?"

இருந்தது. பெல்ட் ஓரத்தில் கேங்குக்கு ஒரு பழக்கம் உண்டு. சோற்று வேளையில் எல்லாரும் தூக்குவாளியைத் திறந்து நடுவில் வைப்பார்கள். இல்லாதவனுக்கும் அதில் பங்கு உண்டு. கொண்டுவராதவன் வெட்கப்படக் கூடாது என்பதற்காக மேஸ்திரியே முதலில் அவனுக்குப் போட வேண்டும். அன்று சந்தியாகு பஸ்ஸைத் தவறவிட்டு, பாதி ஷிப்ட் போன பிறகு வெறுங்கையோடு வந்து நின்றார். மண்வெட்டியைத் தொடக்கூட இல்லை. சோற்று நேரம் வந்ததும் ஒதுங்கிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"நான் இன்னும் வேலயே செய்யல மேஸ்திரி, எனக்கு வாணாம்னு சொன்னேன். நீ என்னா சொன்ன? ஒன் பங்குல பாதிய மூடியில போட்டு, கருவாட்டுக் கொழம்ப ஊத்தி, 'மொதல்ல துன்னு, வேலயப் பொறவு பாக்கலாம்; வாணாம்னு சொல்லி என்ன அவமானப்படுத்தாத'ன்ன. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. வாங்கித் துன்னேன். அன்னிக்கி நான் வாங்கிக்கினேன் இல்ல? இன்னிக்கி நீ ஏண்ணா வாங்க மாட்டங்கற? போடறவரு ஒன்னவிட கெட்டவரா?"

தனகோடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணோரம் நனைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினார், முடியவில்லை.

"பட்டு" என்று கூப்பிட்டார். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட பெயர். "ஒன்ன அடிச்சிருக்கன்டி நான்."

கதவில் சாய்ந்து நின்ற பட்டம்மாள் அருகில் வந்தாள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை ஒரு வருஷமும் விடாதவள். போகிற நேரத்தில் இந்த மனுஷன் தன்னை விட்டுவிட்டு வேறெங்கோ போகிறாரே என்று சந்தியாகு வரும்போதெல்லாம் உள்ளுக்குள் பொருமியவள்.

"அத நான் வுட்டு எத்தினியோ காலம் ஆச்சி" என்றாள். "நீங்கதான் புடிச்சிக்கினு கெடக்கறீங்க."

தனகோடி வெகுநேரம் அவளையே பார்த்தார். பிறகு பாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"எங்கையில ஒண்ணுமே இல்லிங்கய்யா. அப்பிடியே வரலாங்களா?"

"அப்பிடியேதாங்கய்யா வரணும்."

தனகோடி தன் வாயாலேயே கேட்டார். செய்ததையெல்லாம் மன்னியுங்கள், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டே வார்த்தைதான். அதற்கே மூச்சு முட்டிவிட்டது. அந்த உடம்பை ஆற்றுக்கும் குளத்துக்கும் தூக்கிப்போக முடியாது, தலையில் ஊற்றினால் போதும் என்றார் பாஸ்டர். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தது பட்டம்மாள்தான். தண்ணீர் நெற்றியில் இறங்கியபோது தனகோடி இரண்டு கைகளையும் விரித்து வைத்திருந்தார். அந்தக் கைகள் அப்படி விரிந்து அவள் பார்த்ததே இல்லை.

அன்று மத்தியானம் சந்தியாகு ஊட்டிய கஞ்சியை மறுக்காமல் குடித்தார். அதற்கப்புறம் அவர் பயந்து யாரும் பார்க்கவில்லை. அந்த வாரம் முடிவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

சபையார் அடக்கம் செய்துவிட்டுப் போன பிறகு, தனகோடியின் தங்கை ருக்குமணி வாசலில் உட்கார்ந்து ஆற்றமாட்டாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆயுசு பூரா ஒரு நாளு கோயிலுக்கும் போவல, சர்ச்சுக்கும் போவல. சாவப்போற வாரத்துல போயி சேந்தாரு எங்கண்ணன். இப்பிடி கடைசியில வந்தவருக்கு அந்த சாமி என்னா பெருசா குடுத்துடும் அண்ணி?"

சந்தியாகு வீட்டிலிருந்து வந்த சோற்றைப் பட்டம்மாள் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். முதல் தட்டை ருக்குமணியின் கையில் கொடுத்தாள்.

"சந்தியாகு பாதி ஷிப்ட்டு போயிதான் வந்தாரு. அதுக்குன்னு ஒங்கண்ணன் சோத்தக் கொறச்சா போட்டாரு?" என்றாள். "சாப்புடு."