காப்பாரிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்

இணையக் கடைக்குள் நுழைந்தவர் எதைப் பார்த்தார், எதைக் கூடையில் போட்டார், எதை வாங்காமல் போனார் என்று முதலாளியிடம் போட்டுக்கொடுக்கும் 'டேக்' என்ற சின்ன ஒற்றர்களை மேய்ப்பதுதான் என் வேலை. மனிதர்களிடம் பேசக் கூச்சப்பட்டு, திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று நம்பி இதில் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

விடாத செய்தி

கிள்ளானில் சேலைக்கடை வைத்திருக்கும் மாலதி அக்கா எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வந்தார். சேலையைக் கூடையில் போட்டுவிட்டு வாங்காமல் விட்டவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே, டேக் அதைக் கண்டு வாட்ஸ்அப் செய்தி அனுப்ப வேண்டும் என்றார். "நீங்கள் எடுத்து வைத்தது உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தேன். ஆளுக்கு ஒருமுறை அனுப்பினால் போதுமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"பத்தாது லா. வாங்கற வரைக்கும் விடக்கூடாது," என்றார் அக்கா.

அரக்குப் பட்டு

கடைப் பக்கங்களில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று காட்டும் திரை ஒன்று உண்டு. அதில் தினமும் பகலில் கிள்ளானை அடுத்த காப்பார் என்ற ஊர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்துவிடுவார். அதே அரக்குப் பட்டு. வேறு சேலை பார்ப்பதில்லை, படத்தைப் பெரிதாக்குவதில்லை, பக்கத்தை மேலே கீழே தள்ளுவதுகூட இல்லை. விரலே படாமல் வெறுமனே இருப்பார். செய்தி போகும். மறுநாள் மறுபடி வருவார். எனக்கு அந்தத் திரையைப் பார்க்கவே ஒரு மாதிரியாக இருந்தது.

பக்கத்து மேசை சுரேஷ் எட்டிப் பார்த்தார். "சேலைன்னா பொம்பளைங்க அப்படித்தான். மூச்சுகூட விட மாட்டாங்க."

கணவர்

ஒருநாள் மாலதி அக்கா என் எண்ணை ஒரு மனிதரிடம் கொடுத்துவிட்டார். அவர் காப்பாரிலிருந்து அழைத்தார். அந்தப் பட்டை மகளின் கல்யாணத்துக்காகத் தேர்ந்தெடுத்தவர் அவர் மனைவி. வாங்குவதற்குள் இறந்துவிட்டார். மகள் தினமும் அம்மாவின் போனைச் சார்ஜ் போட்டு, கடைசியாகப் பார்த்த பக்கத்தைத் திறந்தபடியே அம்மாவின் படத்துக்கு முன்னால் வைக்கிறாள். உடனே, அம்மா கூடையில் கொடுத்திருந்த மகளின் எண்ணுக்கு எங்கள் செய்தி வருகிறது. அம்மாதான் பேசுகிறாள் என்கிறாள். பதில் அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாளாம்.

"அவங்க போயிட்டாங்கன்னு உங்க சிஸ்டத்துக்கு யாராவது சொல்லுங்கம்மா," என்றார்.

நிறுத்திய பிறகு

மென்பொருளில் அப்படிச் சொல்ல இடமே இல்லை. செய்தி அனுப்பும் டேக்கை மட்டும் நிறுத்தினேன், அவ்வளவுதான். மறுநாள் பகலில் அதே எண்ணிலிருந்து அழைப்பு. இந்தமுறை மகள். "அக்கா, அம்மா ஏன் இன்னைக்கு மெசேஜ் போடல?" என்றாள்.

எதிரே திரையில் காப்பாரிலிருந்து ஒருவர், அரக்குப் பட்டுப் பக்கத்தில், அசையாமல். அம்மாவின் போனைத் திறந்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"இல்லக்கா. நேத்தே அப்பா ஆஃப் பண்ணி அலமாரில வெச்சுப் பூட்டிட்டாரு."

வந்தவர்களை எண்ணிச் சொல்லச் சம்பளம் வாங்குகிறேன். வந்தது யார் என்று மட்டும் யாரும் கேட்காமல் இருந்தால் சரி.