விழுங்கிய புலிக்கண்

வயிற்றுக்குள் போன வைடூரியம் ஆளைக் கொன்றுவிட்டுத்தான் வெளியே வரும் என்று நான் நம்பியிருந்தேன். வைரத்தைத் தின்று செத்துப்போன ராஜகுமாரிகளின் கதைகளைச் சின்ன வயதில் நிறையக் கேட்டதன் பலன். ஆலங்குடி கடலை மண்டியில் எடை போடுகிறவனுக்கும் ராஜகுமாரிகளுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. நான் விழுங்கியது வைடூரியமே இல்லை என்பதும் பிறகுதான் உறைத்தது.

அது புலிக்கண் என்கிற சாதாரணக் கல். எங்கள் ராஜாவின் சமஸ்தானம் போய், நாங்களெல்லாம் திருச்சி ஜில்லாக்காரர்களாகிச் சில வருஷம் ஆகியிருந்த நேரம். கொழும்பில் கடை வேலை பார்த்த என் மனைவியின் அண்ணன், விடுமுறையில் மணமேல்குடிக்கு வந்தவர், எங்களையும் பார்க்க வந்தார். அவருக்குக் கல் சேர்க்கும் பைத்தியம். கப்பல்காரர்களிடம் வாங்கிய கற்களை ஒரு சுருக்குப் பையிலிருந்து பாயில் கொட்டினார். தவிட்டு நிறத்தில், நிலக்கடலைப் பருப்புப் பருமனில், எல்லாம் வழுவழுவென்று இருந்தன. வெளிச்சத்தில் திருப்பினால் உள்ளே ஒரு பொன் கோடு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நழுவி ஓடியது.

“எப்புடி மச்சான் இம்புட்டு வழுவழுன்னு இருக்கு?”

“பீப்பாய்க்குள்ள கல்லு, மணலு, தண்ணியெல்லாம் போட்டு வாரக்கணக்கா உருட்டுவாங்களாம் மாப்ள. ஒண்ணோட ஒண்ணு ஒரசி முனையெல்லாம் மழுங்கிரும்.”

“கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரின்னு சொல்லுங்க” என்றேன். என் மனைவி காதில் வாங்கவில்லை. குனிந்து ஜோடி தேடிக்கொண்டிருந்தாள். நிறம் ஒத்துப்போனால் கோடு ஒத்துப்போகாது. கோடு ஒத்துப்போனால் ஒன்று பெருத்திருக்கும். மத்தியானம் முழுக்கத் தேடி இரண்டே இரண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். ஆவணியில் அவள் தங்கைக்குக் கல்யாணம். என் மனைவியின் காதுத்தோடு, விற்ற காசாக, நான் வெட்டிய, தண்ணீர் வராத கிணற்றுக்குள் போயிருந்தது. வேப்பங்குச்சி செருகிய காதோடு தங்கை கல்யாணத்துக்குப் போக அவளுக்கு மனமில்லை. அதை அவள் சொல்லவுமில்லை.

மறுநாள் கற்களைப் பத்தரிடம் கொண்டுபோனேன். கல்லின் தலையில் தொப்பி மாதிரி வெள்ளிக் குப்பி கவிழ்த்துத் தொங்கட்டானாக்கிவிடலாம் என்றார். ஒரு கல்லை வெயிலில் ஆட்டிப் பார்த்தார்.

“ஓட்டம் நல்லா இருக்குங்க. வைடூரியத்துல ஓடுற மாதிரியில்ல ஓடுது. கல்லா கண்ணாடியான்னு சந்தேகமா இருந்தா ஒதட்டுல வச்சுப் பாருங்க. கண்ணாடின்னா சட்டுனு சூடேறிரும். கல்லு சில்லுன்னே இருக்கும்” என்று அதை என் கையில் கொடுத்தார்.

மண்டிக்காரனுக்கு உதடு வாசல்படிதான். கடலையை வாயில் எறிந்துதான் ஈரம் பார்ப்போம். கை பழக்கத்தில் எறிந்துவிட்டது.

“சில்லுன்னு இருக்கா?” என்று கேட்டார் பத்தர்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கல் போய்விட்டது.

“துப்புங்க, பாப்போம்.”

“துப்புறதுக்கு ஒண்ணும் இல்லைங்க.”

பத்தர் என் தொண்டையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார், மிச்சமிருந்த கல்லை அவசரமாக எடுத்து டப்பாவுக்குள் வைத்து மூடினார். அந்த மூடலில் என் உயிர் பாதி போயிற்று. வைடூரியம் என்று அவர் சொன்ன ஒரு சொல் காதுக்குள் நின்றுகொண்டது. ஆஸ்பத்திரிக்கு நடந்தேன் என்று சொல்ல ஆசைதான். ஓடினேன். வழியில் வேட்டி அவிழ்ந்தது.

கம்பவுண்டர் சாவகாசமாகக் கேட்டார். “முனை கினை இருக்கா?”

“இல்லைங்க. பீப்பாய்ல போட்டு உருட்டுனது.”

“அப்பப் பேசாம வீட்டுக்குப் போயி வாழப்பழம் சாப்புடுங்க. தானா வரும். காலையில பாத்து உக்காருங்க.”

இவ்வளவுதானா வைத்தியம்? சாகப்போகிறவனுக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லையே என்று கோபமாக வந்தது. வீட்டுக்கு வந்து, மனைவியை உட்காரவைத்து, மனத்தைத் தேற்றிக்கொள்ளச் சொல்லி, விஷயத்தைச் சொன்னேன்.

“எதை முழுங்குனீங்க? கோடு ஒரு நூல் பொடிசா ஓடுறதா, ஒரு நூல் பட்டையா ஓடுறதா?”

அன்று சாயங்காலம் வாழைத்தண்டு நறுக்கினாள். அது குடலைச் சுத்தப்படுத்தும் என்பது அவள் கணக்கு. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

“என்னத்தா இது, வாழத்தண்டு வயித்துக் கல்லையே கரைச்சுப்புடுமே! ஒன் கல்லு என்னத்துக்கு ஆகும்?”

மனைவி நறுக்கியதை அப்படியே அள்ளி மாட்டுத் தொட்டியில் போட்டாள். நான் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். “அடியே, புருஷன் வேணுமா, கல்லு வேணுமா?” என்றேன். “ரெண்டும் முழுசா வேணும்” என்றாள்.

அடுத்த நாட்கள் மனிதன் வாழக்கூடியவை அல்ல. காலையில் கொல்லைக்குப் போனால், படலுக்கு அந்தப் பக்கமிருந்து “வந்துருச்சாங்க?” என்று மனைவியின் குரல். நான் குச்சியும் கையுமாக உட்கார்ந்திருப்பேன். “இல்ல” என்பதற்குள் பக்கத்துக் கொல்லையிலிருந்து “இன்னும் வரலையாக்கும்” என்று அக்காவின் குரல். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், “அண்ணே, ஒங்கள எடை போட்டுப் பாத்தா கல்லு இருக்கான்னு தெரிஞ்சுருமே” என்றார்கள். ஒரு முறை, அவர்கள் பார்க்காதபோது, தராசில் ஏறியும் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. வயிற்றில் எது நகர்ந்தாலும் அதுதான் என்று தோன்றியது. கடலை விளைச்சல் சரியில்லை என்றால் திட்டுவதற்கு மழை இருக்கிறது. இதில் யாரைத் திட்டுவது? என் வயிறு என் பேச்சைக் கேட்கிற உறுப்பு இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் மெய்யாகவே வலித்தது. ஒரு தார் பழம் தின்றவனுக்கு வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அப்போது அப்படித் தோன்றவில்லை. சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்துவிட்டேன். ஒரு வேடிக்கைப் பேச்சும் வாயில் வரவில்லை. நான் பேசாமல் இருப்பதைக் கண்டுதான் அவளுக்குப் பயம் பிடித்திருக்க வேண்டும். வந்து நெற்றியில் கை வைத்தாள்.

“ரொம்ப வலிக்குதாங்க?”

“ம்.”

எழுந்து போனாள். கொல்லையில் வாழை மரம் சாயும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு கிண்ணம் நிறையத் தண்டுச் சாறும், ஒரு சட்டி நிறையத் தண்டுப் பொரியலும் முன்னால் வந்தன.

“கல்லு கரைஞ்சுருமேடி.”

“கரைஞ்சா கரைஞ்சுட்டுப் போகுது. ஆவணிக்கு வேப்பங்குச்சியோடயே போறேன். எந்திரிச்சுக் குடிங்க.”

குடித்தேன். அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கல் வந்தது. கரையவில்லை, மங்கவுமில்லை. அவள் அதைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் அலசி, பத்தரிடம் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆவணியில் இரண்டையும் காதில் போட்டுக்கொண்டு தங்கை கல்யாணத்துக்குப் போனாள்.