மறுபக்கம் வளைந்த கத்தி

நொட்டாங்கை என்று கேட்டால் அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் யாரும் வழி காட்டுவார்கள். மாடுகளுக்குக் குளம்பு சீவுகிறவள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அவள் வீட்டுக்காரரே அதைச் சொல்லி எப்போதாவதுதான் கூப்பிடுவார். இடது கைப் பழக்கம் உள்ளவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள் நம் ஆட்கள்!

மாட்டின் குளம்பும் நம் நகம் போலத்தான், வளர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது சீவாமல் விட்டால் நடை கோணிப்போகும், மாடு நொண்டும். சீவுவதற்கென்றே கையால் அடித்துச் செய்த கத்தி ஒன்று இருக்கிறது. மரப்பிடி, லாரிப் பட்டை இரும்பில் அடித்த அலகு, நுனி மட்டும் கொக்கி மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருக்கும். அலகால் அடிக்குளம்பைச் சீவ வேண்டும், கொக்கியால் இடுக்கில் சிக்கிய கல்லையும் அழுக்கையும் நோண்டி எடுக்க வேண்டும். ஓர் இழை கூடுதலாகப் போனால் உள்சதை. ரத்தம் வந்துவிடும்.

நொட்டாங்கை சீவினால் மாட்டுக்கு ரத்தம் வந்துகொண்டேதான் இருந்தது. மற்றவர்கள் கத்தியைத் தங்கள் பக்கமாக இழுத்துச் சீவுவார்கள். இவளுக்கு அது வரவில்லை, மணிக்கட்டைத் திருகி வெளிப்பக்கமாகத் தள்ளுவாள். வலது கையில் பிடித்தும் பார்த்தாள், அது இன்னும் மோசம். "உனக்குக் கை ஓடாது தாயே, விட்டுடு" என்றார்கள் கூட வேலை செய்கிறவர்கள். சொல்லுகிறவர்களுக்கு என்ன, வாய்க்கு வாடகையா கொடுக்கிறார்கள்? ஆனால் கேட்டுக் கேட்டு அவளும் அதை நம்பிவிட்டாள். கையில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, எல்லோருக்கும் முன்னால் கொட்டகைக்கு வந்து, எல்லோருக்கும் கடைசியாகப் போவாள்.

அப்படியிருக்கும்போதுதான் செவலைக்கு அடிபட்டது. பண்ணைக்காரம்மா தன் கையால் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த மாடு அது. சீவும்போது கத்தி ஆழமாக இறங்கி, தரையெல்லாம் ரத்தம். பண்ணைக்காரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"உன்மேல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்லம்மா. ஆனா அது வாயில்லா ஜீவன். இன்னொரு தடவை ரத்தம் பார்த்தேன்னா வேற ஆளை வெச்சுக்குவேன். நீ பால் கறக்குற பக்கம் போயிடு."

"சரிங்கம்மா" என்று மென்று முழுங்கினாள்.

பால் கொட்டகைக்குப் போனாலும் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே எல்லாம் மெஷின், பொத்தானை அமுக்கிவிட்டு நிற்க வேண்டியதுதான். நொண்டிக்கொண்டு வந்த மாடு, சீவி முடித்ததும் ஒரு நொடி யோசித்து, காலை மெல்ல ஊன்றிப் பார்த்து, பிறகு நேராக நடந்து போகும் பாருங்கள், அந்த நடைக்காகத்தான் அவள் இத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டிருந்தாள். அதை விட அவளுக்கு மனசு வரவில்லை.

கத்தி மழுங்கியதுதான் காரணமோ என்று அதை எடுத்துக்கொண்டு கத்திக்காரர் பட்டறைக்குப் போனாள். அங்கே புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ரகளை. அவர் இரும்பை அடித்து வளைப்பார், அந்த அம்மா சாணை பிடிப்பார், இருவரும் சேர்ந்து ஊரையே திட்டுவார்கள். அன்றைக்கு மட்டும் திட்டு முழுக்க அவருக்கு.

"கொக்கி வளைக்கிற அச்சைக் கழுவுறேன்னு கழட்டினாரு. திரும்ப மாட்டும்போது தலைகீழா மாட்டியிருக்காரு. எல்லாக் கொக்கியும் அந்தாண்ட பக்கம் வளைஞ்சு நிக்குது. கண்ணை எங்க வெச்சிருந்தாரோ. நீயே கேளும்மா."

"நெருப்புல இருக்கும்போது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்டி தெரியும்" என்று அவர் முனகினார்.

அவர்கள் சண்டை தீர்கிற வழியாக இல்லை. நொட்டாங்கை சும்மா நிற்காமல், தகர டின்னில் போட்டு வைத்திருந்த அந்த உதவாக்கரைக் கத்திகளில், பிடி போட்டுச் சாணையும் பிடித்திருந்த ஒன்றை எடுத்தாள். கூர் பார்ப்பதற்காகப் பட்டறை மேசையில் காய்ந்த குளம்பு ஒன்றை எப்போதும் வைத்திருப்பார்கள். அதில் வைத்து லேசாக இழுத்தாள். தன் பக்கமாக. மணிக்கட்டைத் திருகாமல்.

சீவல் சுருண்டு அவள் காலடியில் விழுந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி விழுந்தது, காகிதம் போல மெல்லிசாக.

"யக்கா, இது யாருக்குப் பண்ணது?"

"யாருக்கும் இல்ல. அதான் சொன்னேனே, தப்பாப் போச்சு."

"தப்பில்லக்கா" என்றாள். கத்தியை இடது கையில் பிடித்து இன்னொரு தடவை இழுத்துக் காட்டினாள். கத்திக்காரர் அவள் கையைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"நீ இடது கையாலயா சீவுற? இத்தனை நாளா எங்ககிட்ட வலது கைக் கத்தியை வாங்கிட்டுப் போயா அவஸ்தைப்பட்டே? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

எப்படிச் சொல்வாள்? கத்தியில் வலது இடது உண்டு என்று அவளுக்கு யார் சொன்னது?

மறுநாள் செவலை பின்னங்காலைத் தூக்கிக்கொண்டே நின்றது. காயம் பட்ட கால் இல்லை, மற்ற கால். இரும்புச் சட்டத்துக்குள் ஏற்றி, வாரில் காலைக் கட்டித் தூக்கினார்கள். பண்ணைக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். நொட்டாங்கை பட்டறையிலிருந்து கொண்டுவந்த கத்தியை எடுத்தாள். பாவாடையில் துடைத்துக்கொண்டு சீவினாள். இழை இழையாக வந்தது. அடியில் கறுப்பாய் ஒரு புள்ளி தெரிந்தது. கொக்கி நுனியை அதில் வைத்துச் சுற்றி எடுத்தாள். குபுக்கென்று சீழ் வந்தது. கூடவே ஒரு பொடிக்கல். ரத்தம் ஒரு சொட்டு இல்லை.

இறக்கிவிட்டதும் செவலை யோசித்தது. காலை ஊன்றியது. தண்ணீர்த் தொட்டிக்கு நடந்து போனது.

"இனிமே நீயே பாரும்மா, எல்லா மாட்டையும்" என்றார் பண்ணைக்காரம்மா. சொல்லிவிட்டுச் செவலை பின்னாலேயே தொட்டிப் பக்கம் போனார்.

அன்று வேலை முடிந்ததும் நேராகப் பட்டறைக்குத்தான் போனாள். "உங்களை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்" என்று கத்திக்காரரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மனுஷன் கூசிப்போனார். அவர் பெண்டாட்டி சாணையை நிறுத்திவிட்டு, "தப்புப் பண்ணவருக்கு இவ்வளவு மரியாதையா? ஒழுங்கா வேலை செஞ்ச எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்றார். மூன்று பேரும் சிரித்தார்கள். டின்னில் இருந்த மிச்சக் கத்திகளுக்கும் பிடி போட்டு அவளுக்காக எடுத்து வைத்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயசு. கதவுச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள், அம்மா என்று தெரிந்ததும் பென்சிலைச் சட்டென்று இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினாள். அம்மா திட்டுவாளே என்று.

நொட்டாங்கைக்குச் சுருக்கென்றது. தான் பட்ட பாட்டை இதுவும் படக்கூடாது என்றுதானே பிஞ்சுக் கையைத் தட்டித் தட்டி மாற்றினாள்? செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பென்சிலை வாங்கி, மகளின் இடது கையைப் பிரித்து, அதில் வைத்தாள்.

"இதுலயாம்மா?" என்று குழந்தை நம்பாமல் கேட்டது.

"ஆமா கண்ணு. இதுலயே வரை."