தானாக ஓடிய விமானம்

என் தம்பிக்கு வீடியோ கேம் ஆடக் கற்றுக்கொடுத்தவன் நான் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு கதை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அதைப் பரப்பியவன் தம்பியேதான். எனக்கு முனைவர் பட்டம் கிடைத்த வாரத்தில், செம்பூர் வீட்டுக்கு விருந்துக்கு வந்த என் பேராசிரியரிடம், “அண்ணனுக்கு மொத ஸ்டூடன்ட் நான்தான் சார். பிளேன் ஓட்டச் சொல்லிக்குடுத்தான்,” என்றான். சென்ற மாதம் அவனுக்காக நடந்த நினைவு ஜெபத்தில் அவன் மகள் அதே கதையைச் சொன்னாள். கண்ணீருக்கு நடுவே எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அது பாதி உண்மை. மறுபாதி என்னவென்றால், அந்தக் கதை பொய். உண்மையில் நடந்தது அவனுக்கு இன்னும் பெருமை சேர்ப்பது. ஆகவே எழுதிவைக்கிறேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, அவனுக்கு ஏழு. தாராவியில் குடியிருந்தோம். மாஹிம் செல்லும் சாலையில், ஒரு சலவைக் கடைக்கும் முட்டைக் கடைக்கும் இடையே, வாசலில் திரை தொங்கும் ஓர் அறையில் நான்கு வீடியோ கேம் மெஷின்கள் இருந்தன. அவற்றுள் விமான மெஷினில் நான் பெயர் பெற்றவன். எங்கள் பகுதிப் பையன்கள் என் ஆட்டத்தைப் பின்னால் நின்று பார்ப்பார்கள். பள்ளியில் கணக்குக்கு வாங்கிய பரிசைவிட அந்த நிற்றல் எனக்கு உயர்வாகப்பட்டது.

தம்பியை அழைத்துப் போகாவிட்டால் அவன் வீட்டில் சொல்லிவிடுவான். அழைத்துப் போனாலோ அவனுக்கும் காசு கொடுத்து ஒரு டோக்கன் வாங்க வேண்டும். இந்தச் சிக்கலுக்கு நான் ஒரு தீர்வு கண்டுபிடித்தேன். அந்நாளில் அதை என் அறிவின் உச்சம் என்றே கருதினேன். டோக்கன் போடாத நேரத்தில் மெஷின் சும்மா இருப்பதில்லை. ஆள் சேர்ப்பதற்காகத் தானே ஆடிக் காட்டும். விமானம் கிளம்பும், சுடும், விலகும், ஆற்றைக் கடக்கும், பாலத்தருகே போய் வெடிக்கும். பிறகு முதலிலிருந்து அதே ஆட்டம். டோக்கன் துளை அடைத்துப்போய் மூலையில் ஆளின்றிக் கிடந்த இரண்டாவது விமான மெஷினின் முன் ஒரு ஸ்டூலைப் போட்டு, தம்பியை ஏற்றி, கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னேன். சின்னப் பிள்ளைகளுக்கு இது இலவசம் என்றேன். டோக்கன் போடு என்று திரையில் மினுங்கிய ஆங்கில எழுத்துகளைக் காட்டி, “‘நல்லா ஆடுறே’ன்னு போட்டுருக்கு பாருல,” என்று மொழிபெயர்த்தேன். அவன் தலையாட்டினான். அந்த மழைக்காலம் முழுவதும் அவன் அங்கே நின்று, தானாக ஓடிய விமானத்தை ஓட்டினான். என் நண்பர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்நாள்களில் மாட்டுங்காவிலிருந்து சில பையன்கள் வரத் தொடங்கினார்கள். தகப்பன்மார் அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கும் விமான மெஷின்தான் வேண்டியிருந்தது. தகராறு முற்றி, போட்டியில் முடிவு செய்வதென்று ஆயிற்று. பக்கத்துக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஓர் ஆட்டம், இருவரின் புள்ளிகளையும் கூட்ட வேண்டும். தோற்ற பக்கம் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மெஷினைத் தொடக்கூடாது. ஞாயிறு தவிர எங்களுக்கு வேறு நாள் கிடையாது.

போட்டியன்று கோயில் ஆராதனை முடிந்து நேராகப் போனோம். என்னுடன் ஆட வேண்டிய நண்பன் வரவில்லை. பொன்னுக்குவீங்கி கண்டு கன்னம் வீங்கிப் படுத்திருந்தான். எங்கள் பக்கத்தில் மற்ற எவனுக்கும் துணிவில்லை. அப்போது தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“நான் ஆடுறேன்ணே. எனக்குத் தெரியும்.”

மாட்டுங்காப் பையன்களில் உயரமானவன், கண்ணாடி போட்டவன், உரக்கச் சிரித்தான். “இவனா? டெமோவைப் புடிச்சிண்டு நிக்கறவனாச்சே! டேய் குழந்தே, அது தானா ஆடறதுடா. உங்கண்ணா உன்னை ஏமாத்திண்டிருக்கான்.”

அறை முழுவதும் சிரித்தது, எங்கள் பக்கமும்தான். எனக்குக் காது சுட்டது. தம்பி அழுவான் என்று காத்திருந்தேன். அவன் அழவில்லை.

“தெரியும்,” என்றான். பிறகு என்னிடம், “டோக்கன் குடு.”

மாட்டுங்காக்காரர்கள் இருவரும் முதலில் ஆடினார்கள், நன்றாகவே ஆடினார்கள். அடுத்தது நான். அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தெரியும் என்றானே, எப்போதிருந்து தெரியும் என்ற கேள்வியே திரையெங்கும் பறந்தது. ஓர் ஆட்டத்துக்குரிய மூன்று விமானங்களையும் பாலத்தருகே இழந்தேன். அங்கே பின்னாலிருந்து ஒரு சிவப்பு விமானம் வந்து மோதும். அதை நான் எப்போதும் கெட்ட நேரம் என்றே எண்ணியிருந்தேன். பின்னால் நின்றவர்களில் ஒருவன், “என்னல ஆச்சி ஒனக்கு?” என்று மெல்லக் கேட்டான்.

தம்பி ஸ்டூலில் ஏறினான்.

இனி எழுதப்போவதில் இருக்கும் கர்வத்தை நான் மறைக்க விரும்பவில்லை. அவன் கை அந்த மெஷினின் ஆட்டத்தை அப்படியே ஆடியது. இடம், இடம், ஒரு சிறு நிறுத்தம், வலம், சுடு. எதிரி விமானம் திரையில் தோன்றுவதற்கு முன்பே அதற்குரிய இடத்தில் குண்டு போய்க்கொண்டிருந்தது. அவசரம் இல்லை, வீண் அசைவு இல்லை. நூற்றுக்கணக்கான முறை கண்ணால் ஆடிய ஆட்டத்தை முதன்முறையாகக் கையால் ஆடினான். சிரித்தவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஆறு வந்தது. பாலம் வந்தது. அவன் விமானத்தை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய்ச் சற்று நிறுத்தினான். பின்னாலிருந்து வந்த சிவப்பு விமானம் காலி வானத்தைக் கடந்து போயிற்று.

“எப்படிடா தெரிஞ்சுது?” கண்ணாடிக்காரன் தன்னையறியாமல் கேட்டுவிட்டான்.

தம்பி திரும்பவில்லை. “அது எப்பவும் அங்கதான சாவும்.”

பாலத்துக்கு அப்பால் அவன் கண்டதே இல்லை. மெஷின் அதை அவனுக்குக் காட்டியதில்லை. நான் ஆடும்போது எட்டிப் பார்க்க அவனை விட்டதுமில்லை. அங்கே முதல் விமானத்தை ஒரு மலை முகட்டில் இழந்தான். இரண்டாவதை அந்த முகட்டைத் தாண்டி இழந்தான். மூன்றாவதை அதற்கும் அப்பால். ஓரிடத்தில் இரண்டு முறை அவன் சாகவில்லை. படிப்பு என்று பிற்காலத்தில் நான் பெரிதாகப் பேசியதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் அந்த ஸ்டூலின் மேல் நடந்தது.

கண்ணாடிக்காரன் புள்ளிகளை ஒரு நோட்டின் பின்னட்டையில் கூட்டினான். நம்பாமல் இன்னொரு முறை கூட்டினான். பிறகு பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டான். நாங்கள் வென்றிருந்தோம்.

மெஷின்களின் சொந்தக்காரரான கடைக்காரர் தம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். “கிஸ்னே ஸிகாயா ரே இஸ்கோ?” என்று கேட்டார். யார் கற்றுக்கொடுத்தது என்கிறார். ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதுதான் பதில். சற்றுமுன் எல்லார் முன்னிலும் தோற்றவன், ஏமாற்றுக்காரன் என்று பெயர் வாங்கியவன் நான். அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு வழி திறப்பதைக் கண்டேன்.

“மைனே,” என்றேன். நான்தான்.

“பொய்! இவன் டெமோல நிக்க வெச்சான்,” என்று கண்ணாடிக்காரன் கத்தினான்.

கடைக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி என்னைப் பார்த்தான். அவன் ஒரு சொல் சொன்னால் போதும். அந்த அறையில் நான் மறுபடி தலைகாட்ட முடியாது.

“ஆமா. அண்ணன்தான் சொல்லிக்குடுத்தான்,” என்றான். அவருக்கும் விளங்கட்டும் என்று விரலால் என்னைக் காட்டினான்.

நண்பர்கள் என் முதுகில் தட்டினார்கள். நான் அதை ஏற்றுக்கொண்டேன். அதற்குப் பின் திருத்துவதற்கு நாற்பது ஆண்டுகள் இருந்தன, திருத்தவில்லை.

வெளியே மழை விட்டிருந்தது. வீட்டுக்கு நடந்தோம்.

“ஏல, எப்ப தெரியும் ஒனக்கு?” என்று கேட்டேன்.

“மொத நாளே. மூக்கு அரிச்சிச்சி, கைய விட்டேன். பிளேன் அதுபாட்டுக்குப் போச்சி.”

“பெறவு என்ன எழவுக்குல அதப் புடிச்சிக்கிட்டு நின்ன?”

அவன் இதெல்லாம் ஒரு கேள்வியா என்பதுபோல் பார்த்தான். “விட்டா நீ என்னைய வீட்ல கொண்டு விட்டுருவியே.”

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சரியான கிறுக்கன் என்று நினைத்தேன். பெரிய சாலை வந்தது. லாரிகள் சேற்று நீரை வாரி இறைத்துக்கொண்டு போயின. அவன் என் பக்கம் கையை நீட்டினான். “ஜெயிச்ச ஆளுக்குக் கையப் பிடிக்கணுமாக்கும்? ஏல, தனியாப் போ,” என்றேன். ஒரு கணம் தயங்கினான். பிறகு இரு பக்கமும் பார்த்து, நேரம் கணித்து, ஒரு துளி சேறு படாமல் தனியாகக் கடந்து, அக்கரையில் நின்று திரும்பினான். எனக்குப் பெருமையாக இருந்தது. சாலையைக் கடப்பதற்காகத்தான் அவன் கையை நீட்டினான் என்று அன்று நினைத்திருந்தேன்.