எங்கள் கோயில் சுவர் மூச்சு விட்டது

கோயிலை நேசிக்கிறவர்களே, ஆண்டவர் செய்ததைச் சொல்லும் முன்னால் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி நிற்கும் எங்கள் மாதா கோயிலை இடிக்கிற நிலைமைக்குக் கொண்டுபோனவன் நான்தான். என் பெயர் ஆரோக்கியம். பெயின்டர்.

அந்தக் கோயிலை நீங்கள் பார்க்க வேண்டும்! கூம்பிய வளைவு ஜன்னல்கள். கூரை முழுக்க நீலம், நீலத்தில் பொன் நட்சத்திரங்கள். காலை வெயில் உப்புப் பாத்திகளில் பட்டுத் துள்ளி உள்ளே வரும். வந்து அந்த நீலத்தில் அலை அலையாக ஆடும். பூசை நேரத்தில் அண்ணாந்தே இருந்து மனைவியிடம் முழங்கைக் குத்து வாங்குகிறவன் நான்.

ஒரு வருஷம் மாதா திருவிழாவுக்குப் பெயின்ட் வேலை என்னிடம் வந்தது. சுவரில் பழைய சுண்ணாம்புப் பூச்சு அங்கங்கே உதிர்ந்து கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மாதாவின் வீடு மின்ன வேண்டாமா? சுண்ணாம்பைச் சுரண்டி எறிந்துவிட்டுச் சிமென்ட் பூசவைத்தேன். உள்ளே இடுப்பளவுக்கு டைல்ஸ். மற்ற இடமெல்லாம் பளபளக்கும் பெயின்ட், உள்ளேயும் வெளியேயும் இரண்டு கோட். கொடியேற்றத்தன்று ஊரே என் கையைப் பிடித்துக் குலுக்கியது. "கண்ணாடியாட்டம் இருக்குதுப்பா!" என்றார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

மழைக்காலம் போனதும் சுவர் வீங்கியது. பெயின்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. வெடித்த இடத்திலெல்லாம் வெள்ளைப் பொடி கொட்டியது. ஒரு ஞாயிறு, பூசை நடந்துகொண்டிருக்கும்போதே, கதவளவு பூச்சு பெயர்ந்து பெஞ்சின்மேல் விழுந்தது. அந்த வரிசையில் இருந்தவர்கள் நன்மை வாங்க, அதாவது நற்கருணை அப்பம் வாங்க, அப்போதுதான் எழுந்து பீடத்துக்குப் போயிருந்தார்கள்.

எங்கள் பாதிரியார், பங்குச்சாமி என்போம், கோயிலைப் பூட்டினார். பார்க்க வந்த இன்ஜினியர் சுவரைத் தட்டினார். பொள்ளென்று சத்தம். "உள்ள செங்கல்லு அரிச்சிப் போயிருக்கும் ஃபாதர். ஈஸ்டர் முடிஞ்சதும் இடிச்சிடுங்க. புதுசா கட்டிக்கலாம்" என்றார். அன்று முதல் கொட்டகையில்தான் பூசை. யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிரஷ்ஷைத் தொட மனம் வரவில்லை.

புதுக் கோயில் என்றால் எனக்கு ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு எல்லாக் கோயிலும் ஆகும்! ஈஸ்டருக்கு முந்தின அந்தத் தவக்காலத்தில் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். மலையாளிகளின் ஆர்த்தடாக்ஸ் கோயில் ஒன்றில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசியில் நின்றேன். பீடத்தை மறைத்து ஒரு திரை தொங்கியது. பாட்டு ஏறியது, மணி குலுங்கியது, திரை விலகியது! உள்ளே அத்தனை விளக்குகள். வானத்துக்கு ஒரு கதவு இருந்து, அதை யாரோ திறந்ததுபோல் இருந்தது. மறுநாள் புதிதாகக் கட்டிய ஒரு கத்தோலிக்கக் கோயிலுக்குள் போனேன். வட்டமான கட்டடம். வெறும் கான்கிரீட், பெயின்ட் என்று ஒரு சொட்டுக் கிடையாது. கூரையில் ஒரே ஒரு கீறல். அதன் வழியாக வெளிச்சம் கத்திபோல் இறங்கிப் பீடத்தைத் தொட்டது. பெயின்டர் நான், எனக்கு வேலையே இல்லாத அந்தச் சுவரைப் பார்த்து வாய்விட்டு அழுதேன்.

அங்கேயே முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, தப்பு என்னோடது. எனக்கு மானம் வேணாம், பேரு வேணாம். அந்தச் சுவரு மட்டும் நிக்கணும்." இதுதான் என் ஜெபம். அழகாகக் கேட்க வரவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் முற்பகல், பூட்டிய கோயிலின் வெளிச்சுவருக்கு அருகே உட்கார்ந்திருந்தேன். உப்பளத்தில் உப்பு வாரும் லூர்து அக்கா வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்தாள். எங்கள் தெருக்காரி. சுவரில் பூத்திருந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு. ஏம்பா, இன்ஜினியரு இதைத் தின்னு பார்த்தாரா?"

"யாராவது சுவரைத் தின்பாங்களாக்கா?"

"அப்ப அவருக்கு எப்பிடித் தெரியும்?" என்று சிரித்தவள் சட்டென்று நிறுத்தினாள். "தண்ணி எங்க காயுதோ அங்கதான் உப்பு உக்காரும். நம்ம ஊரு தரையில உப்புத் தண்ணி. அது சுவருல ஏறுது. முன்ன சுண்ணாம்பு வழியா வெளிய வந்து காஞ்சிது. நீ டைல்ஸும் பெயின்ட்டும் போட்டு அடைச்சிட்ட. அது எங்க போவும்? பூச்சுக்குப் பின்னாலயே காயுது, உப்பு அங்கயே வெளையுது, பூச்சத் தள்ளுது. உப்பளத்து ஊருல பொறந்துட்டு இது தெரியலியாடா ஒனக்கு?"

துள்ளி எழுந்தேன்! அப்படியென்றால் விழுந்தது நான் போட்ட பூச்சுதான். சுவர்? சுவர் நன்றாக இருக்கலாம்!

ஓடினேன். பங்குச்சாமி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆரோக்கியம், இன்னொரு தடவ ஒன் கைய நம்பச் சொல்றியா?"

"என் கைய வேணாம் ஃபாதர். லூர்து அக்கா நாக்க நம்புங்க."

அவர் சிரித்துவிட்டார். "பூச்ச மட்டும் எடு. செங்கல்லு அரிச்சிருந்தா அதோட நிறுத்திடணும்" என்றார்.

மறுநாள் உப்பள வேலை முடிந்த கையோடு லூர்து அக்காவும் அவளோடு பெண்கள் பத்துப் பேரும் வந்து நின்றார்கள். நான் உளியை வைத்தேன். ஒரே அடி. என் பளபளப்பு பாளமாகக் கழன்று விழுந்தது. அதன் முதுகில் அரை அங்குலத்துக்கு வெள்ளை உப்பு. பின்னால் செங்கல். சுத்தியலால் தட்டினேன். கணீர்! பக்கத்துக் கல்லைத் தட்டினேன். கணீர்! "மணியாட்டம் இல்ல கேக்குது!" என்று அக்கா கத்தினாள். யாரோ 'அருள் நிறைந்த மரியே' ஜெபத்தைத் தொடங்கினார்கள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் கொத்தினோம். ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்து ஞாயிற்றுக்குள் நான்கு சுவர்களையும் உரித்துவிட்டோம். இன்ஜினியர் மறுபடி வந்தார், ஒரு மணி நேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். கடைசியில், "இது நிக்கும் ஃபாதர். இடிக்க வேணாம்" என்றார். நல்ல மனிதர், என் தோளிலும் தட்டினார்.

உயிர்ப்பு ஞாயிறு, அதுதான் ஈஸ்டர், காலைப் பூசை அந்தக் கோயிலுக்குள் நடந்தது. பூச்சு இல்லை, பெயின்ட் இல்லை. சிவந்த செங்கல் சுவர்கள், மேலே நீலக் கூரை. என் வாழ்நாளில் அவ்வளவு அழகான கோயிலை நான் பார்த்ததில்லை. பூசை முடிந்ததும் எழுந்து நின்று, தப்பு என்னுடையது என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். என் மனைவி முழங்கையால் குத்தவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள்.

சுவர் மூச்சு விட வேண்டுமே என்று, மழைக்கு முன்னால் மறுபடி சுண்ணாம்பே பூசினோம். வருஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் உப்புப் பூக்கும், துடைப்பத்தால் தட்டிவிடுவோம். இப்போது எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் முதலில் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, ஈரம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கிறேன். என்னையும் அப்படித்தான் பார்க்கிறேன். பூசி மறைத்த பாவங்கள் எனக்குள்ளும் இருந்தன. சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போக இப்போது தயங்குவதில்லை.

உங்கள் கையாலேயே ஏதாவது பாழாகிவிட்டதென்று உட்கார்ந்திருக்கிறீர்களா? மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பதில் வரும், உப்பு வாரும் ஒருத்தியின் வாயிலிருந்துகூட வரும். நம்பிக்கை வரவில்லை என்றால் மரக்காணம் வாருங்கள். காலைப் பூசைக்கு வாருங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். அது தாங்கும்!