குளிரும் ஒற்றைக் கால்

எங்கள் அமூர் ஆற்றங்கரையில் இதாரி அண்ணியைப் போல மீன்தோல் காலணி தைக்க ஆள் கிடையாது. கை வேகம் என்றால் வாய் அதைவிட வேகம். என் அண்ணன் மோக்கோவை நாலு பேர் நடுவில், "வலை போடத் தெரியாத கரடி" என்பார். அண்ணன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

அண்ணன் காய்ச்சலில் போனதும் அவர் உயிருக்குச் சின்னத் தலையணை ஒன்றை வீடாக வைத்தோம். இரண்டு குளிர்காலம் அண்ணி அதற்குக் கஞ்சி வைத்தார், புகைக்குழாய் பற்றவைத்தார், பக்கத்தில் படுத்தார். மூடுபனிக் காலைகளில் அதை மடியில் வைத்து ஆற்றைக் காட்டிப் பேசுவார். எனக்கும் அது மூச்சு விடுவது போலவே இருக்கும்.

ஆனால் காலம் வந்தால் உயிரை இறந்தவர் உலகுக்கு அனுப்பிவிட வேண்டும். அனுப்பாத உயிர் வழி தவறிக் குளிரில் அலையும். ஆவிகளோடு பேசி உயிர்களை வழியனுப்பும் ஷாமன் கேயெர் வந்தார். தலையணையை விட்டு வெளியே உலவப் போயிருக்கும் உயிரை அவர் பிடித்து அடையாளம் சொல்வார். மனைவி 'ஆமாம், அவர்தான்' என்றால்தான் பயணம்.

மத்தியானம் முழுக்க முரசு அதிர்ந்தது. வீடே மெல்ல ஆற்றில் மிதப்பது போலிருந்தது.

"ஒருத்தனப் புடிச்சிட்டேன். முழங்கால்ல கரடி கீறின தழும்பு இருக்கு."

"அவர் இல்ல," என்றார் அண்ணி.

மறுபடி முரசு. "வலை இழுக்கும்போது கர்ணகொடூரமாப் பாடுவானாம்."

"யாரோ வேற ஆளு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அண்ணி! ஊருக்கே தெரியும் அந்தப் பாட்டு. பொய் சொல்லி அவரைக் குளிர்ல நிறுத்துறீங்களே!"

அண்ணி தலையணையை இன்னும் அருகே இழுத்துக்கொண்டார்.

தொப்பியிலிருந்து தொங்கிக் கண்ணை மறைத்த குஞ்சத்துக்குள்ளிருந்து ஷாமன் மெதுவாகச் சொன்னார்: "பாவம், ஒரு கால் குளிருதுன்னு அழறான்."

அண்ணியின் முகம் வெளுத்தது. எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார். அண்ணனின் பயணத்துக்கென்று தைத்த காலணி என்றோ தயார் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தார். ஒன்றுதான் முடிந்திருந்தது. மற்றதற்கு அடித்தோலே இல்லை.

உட்கார்ந்து தைத்தார். அந்த வேகக் கை ஒவ்வொரு தையலுக்கும் நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"ஆமா, அவர்தான். என் கரடிதான்."

இரண்டு காலணிகளையும் தலையணையருகே வைத்தார். "போயிட்டு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். இறந்தவரைத் திரும்பி வரச் சொல்லக்கூடாது.

"போங்க," என்றார்.